ஐஸ் கொண்டுவருகிறவனின் புட்டிங்

1984 மார்ச் 6, செவ்வாய்

தவக்காலத்துக்கு முந்தின நாள் கூத்து, மார்டி கிரா, முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. மதினி வீட்டு முற்றத்தில், மூன்றாவது பியர் உள்ளே போனதும் எழுந்து நின்று, நாளையிலிருந்து ஈஸ்டர் வரை இனிப்பு என் நாக்கில் படாது என்று அறிவித்தேன். தவக்காலத்துக்கு எல்லோரும்தான் ஏதாவது ஒன்றை விடுகிறார்கள். நான் மட்டும், "ஞாயித்துக்கிழமைகூடக் கிடையாது!" என்று வேறு கத்தினேன். ஞாயிறு கணக்கில் வராது என்று பாதிரியாரே சொல்கிறார். அவரைவிடப் பெரிய பக்திமான் நான். வாய்க்கொழுப்பு.

மார்ச் 11, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் படியில் நின்று மதினி ஈஸ்டர் விருந்துக்கு உத்தரவு போட்டாள். என் மனைவி லியோனியின் அக்கா குளோத்தில் — படைத்தளபதியாகப் பிறக்க வேண்டியவள். மகன் ரேமோனுக்கு ஹாம். மருமகளுக்கு உருளைக்கிழங்கு சாலட். மற்றவர்களுக்கு மற்றது. கடைசியாக என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஐஸ் வாங்கிட்டு வந்துடுங்க, அது போதும். சிரமப்படாதீங்க."

ஐஸ்! இந்த ஊரில் யாரிடம் ஐஸ் கொண்டுவரச் சொல்வார்கள்? சமைக்கத் தெரியாதவனிடம். இல்லாவிட்டால், வீட்டு ஆளாக இல்லாதவனிடம். போன வருஷமும் ஐஸ்தான். அப்போது லியோனி இறந்து இரண்டு மாதம், பாவம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருஷமுமா? அவளுடைய அரிசி புட்டிங் அந்த மேசைக்கு நடுவில் இருந்தவரைக்கும் நானும் அந்த வீட்டு மாப்பிள்ளை. இப்போது யார்? கட்டின பெண்ணும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. "சிரமப்படாதீங்க" என்பது விருந்தாளியிடம் சொல்கிற பேச்சு.

"லியோனியோட புட்டிங்கை நான் செய்றேன், மதினி" என்றேன்.

ரேமோன்தான் முதலில் சிரித்தான். "சித்தப்பா, அதுல சுண்ணாம்பு சேர்க்கக் கூடாது, தெரியும்ல?"

நாற்பது வருஷம் சுவர் பூசினவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே கரண்டி சாந்துக்கரண்டி. மதினி என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு அன்னிக்குச் செஞ்சு கொண்டாங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. ருசி பார்க்க முடியாது. இனிப்பை விட்டவனல்லவா நான்!

மார்ச் 12, திங்கள்

இந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸ், சோறு. உப்புப் போட்ட பன்றிக்கறி, பிரிஞ்சி இலை எல்லாம் போட்டு அருமையாக வந்தது. பீன்ஸை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, அதே பானையைக் கழுவாமல் அதிலேயே அரிசியைப் போட்டேன். ருசி வீணாகக் கூடாதில்லையா. மிஞ்சின சோற்றில்தான் லியோனி செவ்வாய்க்கிழமை புட்டிங் செய்வாள். ஆக, பாதி வேலை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

மார்ச் 13, செவ்வாய்

சோறு, பால், முட்டை, சர்க்கரை, உலர்திராட்சை, ஜாதிக்காய், வனிலா. அடுப்பிலிருந்து எடுத்தபோது நடுவில் ஒரு பள்ளம், ஓரத்தில் வெடிப்பு. தண்ணீர் அதிகம், சூடும் அதிகம். சுவராக இருந்தால் உடைத்துவிட்டு மறுபடி பூசியிருப்பேன்.

பக்கத்து வீட்டு எமிலுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவன் விட்டது சிகரெட்டைத்தான், இனிப்பை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றான். "பிரமாதம், ஒனெசீம்" என்றான். ரொம்ப நேரம் மென்றான்.

மார்ச் 14, புதன்

எமில் வீட்டு நாய் என்னைப் பார்த்ததும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறது. என்ன காரணமோ.

மார்ச் 27, செவ்வாய்

மூன்றாவது. மேலே முட்டைவெள்ளையை நுரைக்க அடித்துப் பூசினேன். பூசுவது என்றால் இது பூச்சு! கத்தியின் முதுகால் ஒரே இழுப்பு, மேடு பள்ளம் கிடையாது. எமில் "பிரமாதம்" என்றான். கோயிலில் மெழுகுவத்தி விற்கிற அம்மாளும் "பிரமாதம்" என்றாள். நொடித்துப்போன சாப்பாட்டுக்கடைக்காரனைப் போல் ஆளாளுக்குக் கிண்ணம் நீட்டிக்கொண்டு அலைகிறேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் பாராட்டி நான் பார்த்ததே இல்லை. லியோனி ஒருநாள்கூட என் காப்பியை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "இதென்ன, கால் கழுவின தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பாள். மதினி மட்டும் என்ன — அவள் முன்னால் வைக்கிற எந்தப் பண்டத்துக்கும் ஒரு குறை உண்டு. வெளியாள் கொண்டுவந்ததற்கு மட்டும், "அடடா, ரொம்ப நல்லா இருக்குங்க" என்பாள். ஈஸ்டர் அன்றைக்கு எனக்கும் அதைத்தான் சொல்லப் போகிறாளா? சொன்னால் முடிந்தது. நான் யாரு அவங்களுக்கு? செத்துப்போன தங்கச்சி புருஷன். அவ்வளவுதானே? இந்த வயசுல ஒரு கிண்ணம் புட்டிங்கைத் தூக்கிட்டு, என்னையும் சேத்துக்கோங்கன்னு போய் நிக்கணுமா? — நிற்பேன். வேறு போக்கிடம் இல்லை.

ஏப்ரல் 15, குருத்து ஞாயிறு

புட்டிங்கைக் கொண்டுபோய் மதினி மேசையில் வைத்தேன். கரண்டியை எடுப்பாள் என்று பார்த்தால், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ருசி பாருங்க, மதினி."

"நல்லாச் சொன்னீங்க. நானும்தானே இனிப்பை விட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமைகூடக் கிடையாது!"

கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தட்டினாள். வீடு வாங்க வந்தவளைப் போல் சுற்றிவந்தாள். "பாக்க நல்லாத்தான் இருக்கு. சரி, கொண்டாங்க" என்றாள். இரண்டு பெரியவர்கள் ஒரு புட்டிங்கைப் பார்த்தே தேர்வு முடித்தோம். கடவுள் எங்களை மன்னிக்கட்டும்.

ஏப்ரல் 22, ஈஸ்டர்

புட்டிங் மேசைக்கு நடுவில் இருந்தது. பூச்சு பளபளவென்று. எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். மதினிக்கு முதல் கரண்டி.

அவள் மென்றாள். நிறுத்தினாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, ஒரு பிரிஞ்சி இலையை மெதுவாக உருவி வெளியே எடுத்தாள்.

நானும் அவசரமாக ஒரு வாய் போட்டேன். முதலில் வனிலா. அதன் பின்னாலேயே உப்பு, பூண்டு, பன்றிக்கறி. திங்கட்கிழமை மொத்தமும் சர்க்கரை போட்டுக்கொண்டு வந்திருந்தது! கழுவாத பானைச் சோறு. எல்லாச் செவ்வாய்களிலும் இதையேதான் எல்லோருக்கும் ஊட்டியிருக்கிறேன்.

"அடடா, நல்லா இருக்குங்க" — அதைச் சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்தேன்.

"அட கிறுக்குப் பயலே!" என்று கத்தினாள் மதினி. தெருவுக்கே கேட்டிருக்கும். "புட்டிங்குக்குள்ள பன்னியைப் பொதைச்சுட்டு மேல வெள்ளை அடிச்சிருக்கியா? உனக்கு மூக்கு இருக்கா, இல்ல அதையும் தவக்காலத்துக்கு விட்டுட்டியா? என் தங்கச்சி இருந்தா இந்தக் கிண்ணத்தை உன் தலையில கவுத்திருப்பா!"

"கவுத்திருப்பா, மதினி" என்றேன். நிஜமாகவே கவிழ்த்திருப்பாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மதினி சிரிக்க ஆரம்பித்து, அவளும் அழுதாள். ரேமோன் திராட்சையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன நின்னுட்டே இருக்க? போய்ப் பாத்திரத்தைத் தேய். அதாவது ஒழுங்கா வருதான்னு பாப்போம்."

அந்தச் சமையலறைக்குள் விருந்தாளிகள் யாரையும் அவள் விட்டதில்லை. எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தேன்.

ஏப்ரல் 23, திங்கள்

"ஏன்டா அப்பவே சொல்லலை?" என்று எமிலைக் கேட்டேன். "பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன், மனசு நோகக் கூடாதேன்னு..." என்றான். நாய்க்கு இருந்த நேர்மை அவனுக்கு இல்லை.

ஏப்ரல் 28, சனி

விடிந்தும் விடியாமலும் மதினி போன் செய்தாள். குடும்பக் கல்லறையில் பூச்சு விரிசல் விட்டிருக்கிறதாம். "நல்ல கால்சட்டை போட்டுட்டு வந்து நிக்காதே" என்றாள். போனேன். ரேமோன் சாந்து குழைத்தான். மதினி நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொன்னாள்.

முகப்புச் சலவைக்கல்லைத் துடைத்தேன். கடைசிப் பெயர் லியோனியுடையது. அதற்குக் கீழே ஒரு பெயர் அளவுக்கு வெறும் கல்.

"இந்த இடம் சும்மாதானே கிடக்கு. ஒரு பூங்கொத்து செதுக்கச் சொல்லலாமா?" என்றான் ரேமோன்.

"அதுல கை வைக்காதே. அது இவனுக்கு."

சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள். கல்லைப் பார்த்தபடியே, "எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல, மதினி" என்றேன்.

"இங்க யாரு அவசரப்பட்டா? முதல்ல அந்த மூலையை ஒழுங்கா பூசு."