கருநீராற்றின் வரையப்படாத பாதி

வெண்குன்ற நாட்டின் முடியும் குடியும் காக்கும் இளங்கோதை மாதேவி, வடவெல்லைக் கோட்டைத் தலைவர் வில்லவதரையருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடிகளும் நலமுற வாழ்க. உம் மலைப்பாதைகளில் பனி தணிந்து பொழிக.

கருநீராறு பிறக்குமிடம் கண்டு, அதன் போக்கையும் இருகரைக் காடுகளையும் படமாக வரைந்து வருமாறு, நிலமளக்கும் அதிகாரி எயினன் கீரனாரை நாம் அனுப்பியது நீர் அறிந்ததே. பெயரிடப்பட்ட குன்று ஒன்றுகூட இல்லாத அக்காட்டில், பேரருவிக்குக் கீழே படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. படகோட்டி சாத்தனின் இடுப்பு நொறுங்கியது. பனிக்காலமோ நெருங்கிவிட்டது. மேலே சென்றால் ஆற்றின் தலையைக் காணலாம்; ஆனால் சாத்தனைக் கரையில் கிடத்திவிட்டுச் செல்ல வேண்டும். கீரனார் அளவுகயிறுகளை அங்கேயே போட்டுவிட்டு, அவனைத் தூளியில் சுமந்து உம் கோட்டைக்குத் திரும்பினார்.

அரச பணியைப் பாதியில் விட்டாரென்று நீர் அவருக்கு விலங்கிட்டு, சாத்தனை மட்டும் ஊருக்கு அனுப்பினீர். முறைப்படி அது பிழையன்று. எம் அவையிலும் படைத்தலைவர் தண்டனை கேட்டார். ஆற்றின் தலையும் தெரியவில்லை, ஆளும் பிழைக்கவில்லை, திரும்பியதால் என்ன பயன் என்றார். ஊர் சேர்ந்த மறுநாளே சாத்தன் இறந்துபோனான்.

அவன் மனைவி நக்கையை வரவழைத்துக் கேட்டோம். அவள் சொன்னதை அப்படியே எழுதுவிக்கிறோம்: “என் மடியிலதான் தாயே அவரு கண்ணை மூடினாரு. புள்ளைங்களப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. காட்டுலயே விட்டுட்டு வந்திருந்தா, இன்னிக்கும் நான் வழியப் பார்த்துக்கிட்டேதான் இருந்திருப்பேன்.”

அதைக் கேட்டதும் படைத்தலைவர், தாமே எழுந்து தம் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றார்.

ஆகவே கீரனார் குற்றமற்றவர் எனத் தீர்த்தோம். அருவிக்கு மேலுள்ள பகுதி படத்தில் வெறுமையாகவே இருக்கட்டும். ஊகத்தால் ஒரு கோடும் இழுக்கலாகாது. நக்கையையும் பிள்ளைகளையும் அரண்மனை காக்கும். பனி உருகியபின், கீரனார் தாமே விரும்பினால், புதிய படகுகளுடன் மீண்டும் செல்வாராக.

இவ்வோலை கண்டதும் காவலரை ஏவாமல், உம் கையாலேயே அவர் விலங்கைக் கழற்றுவீராக. இது எம் ஆணை. குன்றும் பிறையும் பொறித்த எம் முத்திரை இதற்குச் சான்று.

சாத்தன் இறந்ததை அவர் இன்னும் அறியார். முதலில் அவரை அருகமர்த்திச் சோறிட்டு, உண்டு முடித்தபின் மெல்லச் சொல்லும். சொல்லும்போது, அவன் தன் வீட்டில்தான் இறந்தான் என்பதைத் தவறாமல் சொல்லும்.