இருவருக்கும் ஒரே காய்ச்சல்

அம்மாவுக்கு மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் டெங்குக் கிருமியின் புரதத்தை நாங்களே செய்து, சோதனைத் தட்டின் குழிகளில் பூசுகிறோம். எப்போதோ டெங்கு வந்தவரின் இரத்தத்தை ஊற்றினாலும் குழி மஞ்சளாகும். நேற்று, ஒப்பிட்டுப் பார்க்க டெங்கு வராதவரின் இரத்தம் வேண்டுமென்று என்னுடையதை ஊற்றினேன். பளிச்சென்று மஞ்சள். "உனக்கு டெங்கு வந்ததைச் சொல்லவே இல்லையேம்மா!" என்று மேலாளர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

எனக்கு வந்த பெரிய காய்ச்சல் ஒன்றுதான். தங்கச்சியும் நானும் ஒரே போர்வைக்குள் கிடந்தோமே, அது. நான் எழுந்தேன்; அவள் எழவில்லை. "நான்தானே காய்ச்சலோட அவ தலைக்குத் தண்ணி ஊத்துனேன்" என்று இன்னும் புலம்புகிறீர்கள்.

அந்தப் போர்வையை அனுப்பிவையுங்கள், இங்கே குளிர். அடுத்த தட்டு காத்திருக்கிறது, முடிக்கிறேன்.

தண்ணீரால் இல்லை, அம்மா. கொசுவால்.