குழாயில் வந்த புயல்

கார்த்திகை 3, திங்கள்

காலையில் பனி. பிறகு வானம் கழுவி வைத்த தட்டு. கணக்குப் பரீட்சை: மறக்க வேண்டியது.

மாலை பஞ்சாயத்து ரேடியோ அறை. ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் முனிராஜு அண்ணன் டீ குடிக்கப் போனார். "எதையும் தொடாதடா" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு. தொடவில்லை. பேசினேன், அவ்வளவுதான். ஊர்க்கூட்டத்துக்கான மைக்கும் அதே பெட்டியில்தான். பெங்களூர் ஸ்டேஷன் தெளிவு, மெட்ராஸ் ஸ்டேஷன் எப்போதும் எண்ணெயில் விழுந்த கடுகு. வாயாலேயே கடுகு தாளித்து, மூக்கால் செய்தி வாசித்தேன்: கடலில் புயல், சேலம் ஜில்லாவில் இன்றிரவு பெருமழை.

வெளியே மந்தைத் திடலில், ஒலிபெருக்கிக் குழாயின் கீழே இருந்தவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். எழுந்து ஓடினார்கள்.

கார்த்திகை 4, செவ்வாய்

ஒரு சொட்டு இல்லை. அறுத்து வயலில் காயப்போட்ட ராகியை நேற்று ஊரே அள்ளி வீட்டுக்குள் அடைத்தது. எங்கள் அப்பாவும். என் தலையிலும் கட்டு கட்டாக. வாயே திறக்கவில்லை. திறந்ததால் வந்ததுதானே.

உள்ளே கதிர் புழுங்கும் வாடை. இன்று மறுபடி வயலுக்கே சுமந்தோம். பக்கத்து வீட்டு நஞ்சம்மா அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "சுள்ளு ரேடியோ" என்று கன்னடத்தில் ஏசினார். சுள்ளு என்றால் பொய். எனக்குச் சுள்ளென்றது.

கார்த்திகை 5, புதன்

பக்கத்து ஊர் குருபரப்பள்ளி ரேடியோவில் அப்படிச் செய்தியே வரவில்லையாம். பஞ்சாயத்துத் தலைவர் விசாரித்துவிட்டார். முனிராஜு அண்ணன் செய்த விஷமம் என்று முடிவு. சனிக்கிழமையோடு வேலை இல்லை. அண்ணன் "என் தப்புங்க" என்று மட்டும் சொன்னாராம்.

பயம்: 1. அப்பா. 2. தலைவர். 3. அண்ணன் என் பேரைச் சொல்லாதது. இதுதான் பெரிது.

அண்ணன் என்னைச் சந்தில் பிடித்துக்கொண்டார். "சாவிய உங்கிட்ட குடுத்தேன்னு சொன்னாலும் என் வேலை போவும். நீயாவது ஒதை வாங்காம இரு."

அதற்கு என்னை அடித்திருக்கலாம். ரேடியோ வந்த அன்று ஊரே அதற்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியது. உள்ளே இருக்கிறவர் சாப்பிட்டாரா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தேன். அண்ணன்தான் பின்பலகையைக் கழற்றி, வால்வு சிவந்து எரிவதைக் காட்டினார்.

கார்த்திகை 7, வெள்ளி

கிழக்கே கறுப்பு. காற்று இல்லை. ரேடியோ அறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சற்றுமுன் மெட்ராஸ் செய்தி. கடலில் புயல், இன்றிரவு பெருமழை. கடுகு நிஜக் கடுகு. மந்தையில் ஒருவர்கூட எழவில்லை. "சுள்ளு" என்று நஞ்சம்மா அக்கா. ஒரு தடவை ஏமாந்தது போதும் என்று அப்பா. ராகி மொத்தமும் வயலில். நனைந்தால் முளைவிடும், வருஷச் சாப்பாடு போச்சு.

உள்ளே வந்தேன். அண்ணன் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

மூக்கால் பேசவில்லை. "திங்கக்கெழம பேசினது நான். முனிராஜு அண்ணன் இல்ல. இப்ப பேசினது ரேடியோ. ராகிய எடுங்க."

மந்தையிலிருந்து காலடிகள். எல்லாம் வயல் பக்கம். ஒன்று மட்டும் இந்தப் பக்கம். அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.

கதவுக்கு வெளியே அப்பா. "வெளிய வாடா. மொதல்ல ராகி."

இரண்டாவது என்ன என்று சொல்லவில்லை.