பன்னீர்ச் செம்புப் பதவி

வெள்ளிக்கிழமை, இரவு.

காலையில் எழுந்ததும் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டேன். ‘மருத்துவ ஆராய்ச்சியில் பெண்களை முன்னேற்றுவது எப்படி’ என்று எங்கள் நிறுவனத்தில் கருத்தரங்கு. பெண்கள் பட்டு உடுத்தி வரவேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். பல வருடங்களாகக் காசநோய்க் கிருமியோடு மல்லுக்கட்டும் எனக்குப் பன்னீர்ச் செம்பு கிடைத்தது. கூட வேலை செய்யும் பாத்திமாவுக்குச் சந்தனக் கிண்ணம். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

“பாத்தியாக்கா, நம்மள முன்னேத்திட்டாங்க, வாசப்படி வரைக்கும்” என்றாள் பாத்திமா.

உள்ளே இயக்குநர் மைக்கில் பேசினார். புதிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்க விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். பிறகு, “ஒரு லேடீஸ்கூட தூக்கலையே, இதான் பிரச்சினை” என்று வருத்தப்பட்டார்.

எனக்கு என்ன தோன்றியதோ, வாசலிலிருந்தே கையைத் தூக்கிவிட்டேன். செம்பும் கூடவே போனது. பாடி மேம்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்த சிறப்பு விருந்தினரின் வழுக்கைத் தலை முழுக்கப் பன்னீர். அவர் மகிழ்ந்துபோய்க் கும்பிட்டார். “ரொம்ப தடபுடலா வரவேற்கிறீங்கம்மா!” அரங்கமே கைதட்டியது. இயக்குநர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

“இன்னாக்கா, நீ கை தூக்குனதை ஒருத்தரும் கண்டுக்கலியே” என்று பாத்திமா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

திங்கட்கிழமை இயக்குநர் அறைக்குப் போய், அந்தக் குழுவை எனக்குக் கொடுங்கள் என்று நேராகக் கேட்கப்போகிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பாத்திமாவிடமும் சொல்லவில்லை. “இந்த வயசுல எதுக்கு?” என்று யாராவது அன்பாகக் கேட்டுவிட்டால், நான் சரி என்று சொல்லிவிடுவேன்.