குண்டூசி இணைந்தார்

ஜூன் 3, செவ்வாய்

கடையில் பதினோரு கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்தினேன். ஒன்றை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டு நானே கழற்றிச் சரிசெய்தேன். இரவு சாப்பிட்டேனா தெரியவில்லை. தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது, ஆகவே சாப்பிட்டிருக்க வேண்டும்.

பல் டாக்டர் போன் செய்தார். என் வீட்டுக்காரருடைய பள்ளிக்கூட நண்பர். மென்று விழுங்கி ஒருவழியாகச் சொன்னார்: "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அவன் கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆன் பண்ண முடியுமா?"

டாக்டர், கணக்கு வாத்தியார், சர்வேயர், இவர். எட்டு வருஷமாக ஞாயிறு மூன்று மணிக்கு, ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, நாடு பிடிக்கிற விளையாட்டு. பாதியில் நிற்கிற போர் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறதாம். அதை முடிக்க வேண்டுமாம். இவர் தவறிப்போய் நாலு மாதம் ஆகிறது.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூன் 8, ஞாயிறு

ஆன் ஆனதும் அப்டேட் செய்யவா என்று கேட்டது. கேட்கிறதே என்று ஆம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதாம். "ஐயோ அண்ணி" என்றார் வாத்தியார். உடனே பயந்துபோய், "பரவாயில்ல, பரவாயில்ல" என்று ஏழெட்டுத் தடவை.

நாலு பேரிடமும் ஒரே வெர்ஷன் இருந்தால்தான் ஒருவருக்கொருவர் தெரிவார்களாம். எனக்காக மூவரும் புதுசுக்கு மாறினார்கள். சர்வேயர் வீட்டு இணையம் நகரவே இல்லை, ஐந்தரை ஆகிவிட்டது. அதுவரை நாலு பேரும் போனில் சும்மா இருந்தோம். யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. சங்கடமாக இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

துணைக்கு வந்து தங்கியிருக்கிற அக்கா: "ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுடி."

வரவில்லை என்றேன். தபால் வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொல்லியிருக்கிறேன். அவள்தான் அழுதாள்.

ஜூன் 15, ஞாயிறு

மூவரும் இந்தக் கம்ப்யூட்டருக்குள் வர ரௌட்டரில் ஒரு போர்ட்டைத் திறக்க வேண்டும். வாத்தியார் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் தட்டினேன். திறந்தது. அடுத்து, பழைய ஆட்டத்துக்குள் போக அதே பெயரில்தான் போக வேண்டும், அச்சு அசலாக. இவருக்கு இவர்கள் பள்ளியில் வைத்த பெயர் குண்டூசி. ஆள் அப்படி.

தட்டினேன். "இந்தப் பெயரில் யாரும் இல்லை" என்றது.

மூன்று விதமாகத் தட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் யாரும் இல்லை, யாரும் இல்லை. சர்வேயர் போனை வைத்துவிட்டார். லைன் கட்டாகிவிட்டது என்றார் பிறகு. வாய்க்கு வந்த பொய்.

ஜூன் 19, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். சேவ் செய்த கோப்பில் இவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால், நீலப்பட்டை பெயரைத் தாண்டியும் கொஞ்சம் நீள்கிறது. பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ். எட்டு வருஷத்துக்கு முன் கைதவறித் தட்டியிருக்கிறார். சட்டைப் பொத்தானையே மாற்றிப் போடுகிற மனுஷர், இதையா கவனித்திருப்பார்.

ஸ்பேஸோடு தட்டினேன். திறந்தது. கோட்டை, வயல், இவர் நிறுத்திவைத்த குதிரைகள். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

"இன்னும் திறக்கல" என்று சொல்லிவிட்டேன்.

வாய் தானாகச் சொன்னது. பாவம், மூன்று பேரும் இரண்டு மணி நேரம் யோசனை சொன்னார்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன். போர் முடிந்தால் அடுத்த ஞாயிறு எதற்குக் கூப்பிடுவார்கள்? கண்ணாடிக் கடைக்காரியிடம் பேச இவர்களுக்கு என்ன இருக்கிறது — அக்காவும் ஊருக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் என் குரலையே நான் கேட்க மாட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

மறுபடியும் பொய். மறுபடியும் இரண்டு மணி நேரம்.

ஜூலை 6, ஞாயிறு

முடியவில்லை, சொல்லிவிட்டேன். "எனக்குப் போன மாசமே திறந்துடுச்சு. நான்தான் மறைச்சேன்."

டாக்டர், "தெரியும் அண்ணி" என்றார்.

நான் திறந்து பார்த்த அந்த வியாழக்கிழமை, விளையாட்டு தானாகவே மூவருடைய போனுக்கும் அனுப்பியிருக்கிறது: குண்டூசி இணைந்தார். என் திரையில் அப்படி எதுவும் வரவில்லை. வாத்தியார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாராம். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாராம்.

"அப்புறம் ஏன் ரெண்டு வாரமா எனக்கு வழி சொல்லிட்டிருந்தீங்க?"

சர்வேயர்தான் சொன்னார். அதிகம் பேசாதவர். "முடிக்கணும்னு கேட்டது நாங்கதான். ஆனா இது முடிஞ்சா அவனும் முடிஞ்சுடுவான்ல. அதான் நீங்க திறக்கலன்னு சொன்னதும் எங்களுக்கும் வசதியாப் போச்சு."

நாலு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. டாக்டருக்கு வந்தது, அதுவும் சரியாக வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆடினோம். எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை. குதிரையை நகர்த்தச் சொன்னால் ஆற்றில் இறக்கிவிட்டேன். ஆனாலும் என் கோட்டையை ஒருத்தரும் தொடவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். துக்க வீட்டு வாசலில் மெதுவாக நடக்கிற மாதிரி. ஒரு மணி நேரம் பொறுத்தேன்.

"அவரையும் இப்படித்தான் விட்டுவெச்சீங்களா?"

"அவனையா? முதல் அடியே அவனுக்குத்தான்" என்றார் வாத்தியார்.

"அப்ப அடிங்க."

தயங்கினார்கள். மறுபடி சொன்னேன், குரல் உயர்ந்துவிட்டது. அடித்தார்கள். நாற்பது நிமிஷத்தில் எல்லாம் போயிற்று. குண்டூசி தோற்றார் என்று வந்தது. சேவ் செய்யவா என்றது, வேண்டாம் என்றேன். மூவரும் நன்றி சொன்னார்கள், நானும் சொன்னேன். போனை வைத்த பிறகு ஐந்து மணி வெயில் சுவரில் அப்படியே இருந்தது. எத்தனை நீளமான சாயங்காலம்.

ஜூலை 20, ஞாயிறு

மூன்றரைக்குப் போன். டாக்டர். "என்ன அண்ணி, இன்னும் ஆட்டத்துக்கு ரூம் போடல? மூணு பேரும் வெளியிலயே நிக்கிறோம்."

புது ஆட்டம். பெயர் கேட்டது. என் பெயரைக் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் வாத்தியார் என் களஞ்சியத்தைக் கொளுத்தினார். மன்னிப்பு கேட்கவில்லை.

ஜூலை 23, புதன்

வாத்தியார் மேல் கோபம் இன்னும் அடங்கவில்லை. கடையில் ஃபிரேம் துடைக்கும்போதும் அதே நினைப்பு. என்ன தைரியம் அந்த ஆளுக்கு. மதியம் நானே சர்வேயருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வடக்கிலிருந்து அவர், ஆற்றைத் தாண்டி நான். வாத்தியாருக்குத் தெரியக் கூடாது.