உங்கள் முகத்தின் மேல் ஒட்டிய போஸ்டர்

டாக்டர்,

இன்று காலை நம் கிளினிக்கின் பின்பக்கம் மைதாப் பசை கொதித்துக்கொண்டிருந்தது. மாடு போஸ்டரைத் தின்றுவிடாமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள் இல்லையா, அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவுதான் வந்தது. போன முறை இங்கே பசை காய்ச்சியது உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக.

எண்ணூரில் இந்த இலவச நுரையீரல் கிளினிக்கைத் திறந்த புதிதில் நீங்களும், ஆபீஸ் வேலை பார்த்த நானும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். தெருவெல்லாம் இருமல் கேட்கும். நம் வாசலை மட்டும் யாரும் மிதிக்க மாட்டார்கள். மருந்துகள் பீரோவிலேயே காலாவதியாயின. கடைசியில், பக்கத்துத் தெருவில் இருந்த மீன்கார முனியம்மா அக்காவை மூச்சு முட்டிய நிலையில் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். தேறியதும், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள்.

“கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரினு நெனச்சுகினு இருந்தோம்மா. பேரு குட்த்து கையெழுத்து போட்டா, அப்பால நஷ்டஈடு கேக்க முடியாதுனு சொல்லிக்கினாங்கோ.”

நாம் ஒட்டியிருந்த ஒரே நோட்டீஸ், ‘பதிவு செய்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று சர்க்கார் தமிழில் இருந்தது. கம்பெனிகள் கக்கும் புகைக்கும் சாம்பலுக்கும் நியாயம் கேட்டு அலுத்துப்போன ஜனங்கள் அதைப் பார்த்து மிரண்டதில் என்ன தப்பு? சர்க்கார் ஆபீஸ்களிலும் இதே கூத்துதான். திட்டம் இருக்கும், தெரிய வேண்டியவருக்குத் தெரியாது.

நம் டிரஸ்ட்டின் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மைக் கட்டிய ஆட்டோவுக்கும் போஸ்டருக்கும் பணம் கேட்டீர்கள். ராயபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பொருளாளர் அண்ணாச்சி முகம் சுளித்தார். தர்ம காரியத்துக்குத் தம்பட்டம் எதற்கு, அந்தக் காசுக்கு மருந்து வாங்கலாமே என்றார். நீங்களும் அவர் ஊர்ப்பக்கம்தானே, விடவில்லை.

“ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோ விடுதியள்லா அண்ணாச்சி, மூச்சுக்கு விடக் கூடாதோ? பீரோவுக்குள்ள கெடக்க மருந்து யாருக்கு வேல செய்யும்?”

அண்ணாச்சியால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மைக்கில் முனியம்மா அக்காவையே பேச வைத்தீர்கள். ‘இது கம்பெனிது இல்ல, தைரியமா வா’ என்று அவர் கூப்பிட்டது கமிட்டியில் சிலருக்குக் கலீஜாகப் பட்டது. ஆனால் கிளினிக் வாசலில் செருப்பு விட இடமில்லாமல் போனது.

நீங்கள் போனபோது செலவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை சுவரெல்லாம் உங்கள் படம். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே கிளினிக் பெயர். அப்புறம், புது டாக்டர் வந்த பிறகும், கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. துக்கத்தில் வரவில்லை என்றுதான் நினைத்தோம். டாக்டரம்மாவோடு கிளினிக்கும் மூடிவிட்டது என்று ஊரே நம்புவதை முனியம்மா அக்கா வந்து சொன்ன பிறகுதான் உறைத்தது. நம் டிரஸ்ட் செய்ததிலேயே பெரிய விளம்பரம் அது. அதை வைத்து நம் கதவை நாமே சாத்தியிருக்கிறோம். இன்ஹேலர் தீர்ந்தும் வாங்க வராமல் எத்தனை பேர் வீட்டில் மூச்சு இளைத்துக்கொண்டு கிடக்கிறார்களோ என்று எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

இந்த முறை அண்ணாச்சிதான் முதலில் போஸ்டர் அடிக்கச் சொன்னார். வாசகம் முனியம்மா அக்காவுடையது: ‘டாக்டரம்மா இல்ல. கிளினிக் கீது. புது டாக்டர் வந்துகீறாரு. வா.’

ஒட்டப் போனால் காலிச் சுவர் இல்லை. எங்கே திரும்பினாலும் நீங்கள்தான். போஸ்டர்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவங்க முகத்தின் மேல் எப்படி ஒட்டுவது என்று நின்றார். எனக்கும் மனசு வரவில்லை.

“ஒட்டு நைனா,” என்றார் முனியம்மா அக்கா. “அந்தம்மா இருந்திருந்தா இந்நேரம் அதுவே ஒட்டியிருக்கும்.”

நான் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டேன். உங்களை மறந்துபோவதை நீங்கள் பொறுப்பீர்கள். கிளினிக் இல்லை என்று நினைத்து ஒருவர் மூச்சடைத்துக் கிடப்பதைப் பொறுக்க மாட்டீர்கள். உங்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். உங்கள் கண்கள் வந்த இடத்தில் கை நின்றது. பிறகு ஓரம் கிளம்பாதபடி அழுத்தித் தேய்த்தேன், டாக்டர்.