தள்ளினால்தான் கல்யாண வண்டி

இராயபுரம்,
வியாழன் மதியம்

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலும் இந்த வாரம் கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. மும்பையில் பேய் மழை என்று செய்தியில் சொன்னார்கள், ஈரத் தலையோடு ஆபீசுக்கு ஓடாதே. போனில் சொல்லாமல் எதற்கு லெட்டர் என்று கேட்பாய், நம் வீட்டில் நான் போனில் பேசினால் அது அப்பா காதில் விழாமல் இருக்குமா, அதனால்தான்.

நீ எடுத்த கார் விளம்பரத்தைப் பார்த்துவிட்டோம் கண்ணு. நம்ம வண்டியைத் தள்ளுகிற மாதிரி காட்டிவிட்டேனே, அப்பா அதை அவமானமாக நினைப்பாரோ, இனி ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டாரோ என்று போன வாரம் அழுதாயே, அன்றிலிருந்து நானும் மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். துறைமுக ஆபீஸ் வேலையை உதறிவிட்டு நீ விளம்பரக் கம்பெனிக்குப் போன நாள் முதல், பொய் சொல்லிப் பொருள் விக்கிற பொழப்பு என்று திட்டிவிட்டு, நீ கூப்பிட்டால் போனை என் கையில் திணித்துவிட்டுப் போகிற மனிதர் ஆயிற்றே.

செவ்வாய்க்கிழமை ஜெபமாலை சொல்லி முடித்து டிவியைப் போட்டால், தெருக் கல்யாணத்துக்கெல்லாம் அப்பா ஓட்டின நம் பச்சைக் கார்! அதே மூஞ்சி, முன் கண்ணாடியில் அதே மாதிரி தொங்குகிற ஜெபமாலை, பின் சீட்டில் தலையில் போட்ட நெட் துணியைப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண். அப்பா என்ன செய்தார் தெரியுமா, வண்டியை யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், நம் வண்டி அங்கேயேதான் நின்றது. சாத்தாங்காட்டிலிருந்து பழைய இரும்புக்காரர்கள் வந்து கேட்டபோதெல்லாம் விரட்டிவிட்டுக் காப்பாற்றிய வண்டி அல்லவா. எதிர்வீட்டு ஜுபைர் வேறு, இன்னா மாமு, சொல்லாம கொள்ளாம வித்துட்டியா என்று வாசலில் வந்து சண்டை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடி அது வரும்வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்து முழுசாகப் பார்த்தோம். எப்படியம்மா இவ்வளவையும் மனசில் வைத்திருந்தாய். தள்ளாமல் கிளம்பினால் அது நம் தெருக் கல்யாண வண்டியா, உன் சித்தி கல்யாணத்தன்று சாவி போட்டதும் கிளம்பிவிட்டது, அபசகுனம் என்று அவள் தாய்மாமன் இன்ஜினை அணைக்கச் சொல்லித் தெருவையே கூப்பிட்டுத் தள்ள வைத்தாரே, அதைக்கூட நீ விடவில்லை. கடைசியில் அதே கம்பெனியின் புதுக் கார், சத்தமே போடாத கரன்ட் கார், வந்து நிற்கிறது, அதற்குத் தள்ளத் தேவையே இல்லை, இருந்தும் தெரு ஜனம் மொத்தமும் ஓடிவந்து பின்னால் கை வைக்கிறது, அன்னிக்கும் உங்க கூடவே இருந்தோம் என்று எழுத்து வருகிறது. கார் விற்கத்தான் எடுத்தது என்று தெரிந்தும் தேம்பித் தேம்பி அழுதேன். கிளம்பாத வண்டியைக் காட்டவே கூடாது என்ற கார் கம்பெனிப் பெரிய அதிகாரிகளோடு மல்லுக்கு நின்று இதை எடுத்தாயாமே, அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அப்பா அன்று டிவியை அணைத்துவிட்டு நேரே படுக்கப் போய்விட்டார். நேற்று டீக்கடையில் மட்டும், என் பொண்ணு எடுத்தது, அத்தினியும் நெசம் என்று எல்லோரையும் பிடித்துச் சொன்னாராம், ஜுபைர் வந்து சொன்னார். இன்று மத்தியானம் சங்கரா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு, அதுல ஒரு பொய் கீது என்றார். அன்னிக்கெல்லாம் பின்னால நின்னு தள்ளிகினு வந்தது யாரு, என் பொண்ணு, டிவியில இன்னாத்துக்கு ஒரு பையன் தள்றான், அத்தினி பேரையும் போட்டுட்டு தன்னைய வுட்டுட்டாளே என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷெட்டில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அவரே உனக்குப் போன் போடப் போகிறாராம். அதற்குள் கிடைக்கட்டும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அந்தப் பையனைப் பற்றித்தான் முதலில் கேட்பார், பதில் யோசித்து வைத்துக்கொள், நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள், எங்கள் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்று மறந்துவிடாதே, முதல் மணியிலேயே போனை எடுத்துவிடு கண்ணு, இரண்டாவது மணி அடிப்பதற்குள் அந்த மனிதருக்கு வெட்கம் வந்து வைத்துவிடுவார்.

உன் அம்மா
சிலுவையம்மாள்